மாங்காயும் மங்காவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மே, ஜூன் வந்துவிட்டால் எந்தப் பேச்சும் கடைசியில் மாங்காயில் வந்து நிற்கும். மண்டியில் லாரி, மாங்கூழ் ஆலையில் இரவு பகலாக வேலை, காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளிச் சாலைகளில் கூடை கூடையாகக் காய். அதே சமயம் வீட்டுப் பிள்ளைகள் கையில் ஜப்பான் 'மங்கா' புத்தகம். மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் டப்பாக்களில் விதவிதமான மொழிப் பெயர்களைப் பார்க்கிறார்கள். மாங்கோ, மங்கா, மங்க்கா, மாங்க் எல்லாம் ஒரே சொல்லா, எல்லாம் நம்முடைய மாங்காய்தானா என்று கேட்கிறார்கள். சிலது நம்முடையது, சிலது இல்லை. எது எது என்று தெரிந்துகொள்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதனால் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

ஆங்கிலத்தின் 'மாங்கோ' நம் மாங்காயிலிருந்து போனதா?

ஆமாம். ஆனால் நேராகப் போகவில்லை. போர்த்துகீசியர் 'மங்கா' என்று எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. ஆங்கிலத்திலும் பழைய எழுத்துகளில் 'மங்கா' என்று ஆகாரத்தில் முடியும் வடிவம் உண்டு. கடைசியில் நிற்கும் 'ஓ' பிறகு ஒட்டிக்கொண்டது.

போர்த்துகீசியருக்கு அதை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் அகராதிகள் பிரிகின்றன. சில அகராதிகள் மலையாளத்தின் 'மாங்ங' என்கின்றன. சில, தமிழ் மாங்காய் மலாய் மொழிக்குப் போய் 'மங்க்கா' ஆகி, அங்கிருந்து போர்த்துகீசுக்கு வந்தது என்கின்றன. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது 1498-இல். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511-இல். இந்த இரண்டுக்கும் நடுவே, 1510-இல், இத்தாலியப் பயணி லுதொவிகோ தி வர்தேமாவின் பயண நூல் ரோமில் அச்சாகிவிட்டது. அதில் கோழிக்கோட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இந்தப் பழம் வருகிறது. பழத்துக்குப் பெயர் 'அம்பா', அதன் தண்டுக்குப் பெயர் 'மங்கா' என்று எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் குஜராத்தி வணிகர் வாயில் ஒரு பெயரும் உள்ளூர்க்காரர் வாயில் இன்னொரு பெயரும் கேட்டு, இரண்டுக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். எப்படியானாலும், மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போகும் முன்பே மலபார்க் கரையிலிருந்து இந்தச் சொல் ஐரோப்பிய அச்சில் ஏறிவிட்டது. அதனால் மலபார் வழிதான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

'மா' என்ற மரப்பெயரோடு 'காய்' சேர்ந்த கூட்டுச்சொல்தான் மாங்காய். தமிழிலும் மலையாளத்திலும் அதே கூட்டுத்தான். கோழிக்கோட்டில் எடுத்தார்களா, கீழைக்கரையில் எடுத்தார்களா என்று எல்லைச் சண்டை போட வேண்டியதில்லை. வேர் திராவிட வேர், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பழத்தை விட்டுவிட்டு ஏன் 'காய்' என்ற பெயரை எடுத்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உலகமே ருசித்துச் சாப்பிடுவது பழத்தை. பெயர் மட்டும் காயின் பெயர். பதில் நம் மண்டியிலேயே இருக்கிறது.

பருவத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போய்ப் பாருங்கள். வந்து இறங்குவது எல்லாம் பச்சையும் லேசான மஞ்சளுமாக, கெட்டியாக இருக்கும். பறித்த காம்பில் பால் வடிந்து தோலில் கறுப்பாகக் கோடு போட்டிருக்கும். அந்தப் பால் கையில் பட்டால் எரியும், புண்ணாகிவிடும். யாரும் அங்கே 'மாம்பழம் என்ன விலை' என்று கேட்பதில்லை. 'செந்தூராக் காய் எப்படி?', 'அல்போன்சா காய் இன்னிக்கு வரத்து கம்மி' என்றுதான் பேச்சு. முற்றிய காயாகப் பறித்து, காயாக விற்று, வாங்கியவர் வைக்கோலில் பழுக்கவைப்பார். பழுத்தது பயணம் தாங்காது. வணிகத்தில் புழங்குவது காய் என்ற சொல்தான்.

500 வருடங்களுக்கு முன்பும் கடற்கரைச் சந்தையில் இதே காரணம்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். கப்பலில் ஏற்ற முடிந்தது காய், இல்லாவிட்டால் உப்பில் போட்ட காய். வியாபாரி எந்தச் சொல்லைச் சொன்னானோ அதையே வாங்குபவனும் சொன்னான்.

அப்படியென்றால் 'மாம்பழம்' என்ற சொல் எங்கேயும் போகவில்லையா?

போயிருக்கிறது! மலாய் மொழியில் மாமரத்துக்கும் பழத்துக்கும் 'மெம்பெலம்' என்று ஒரு பெயர் உண்டு. 'ழ'கரம் அவர்களுக்கு வராது, லகரமாகிவிட்டது. மாம்பழம், மெம்பெலம் என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், காதே சொல்லிவிடும். ஜாவா மொழியில் அது இன்னும் தேய்ந்து 'பெலெம்' என்று நிற்கிறது. ஆக, மலாய் மொழி நம்மிடம் காயையும் வாங்கிக்கொண்டது, பழத்தையும் வாங்கிக்கொண்டது. ஒரே மரத்தின் இரண்டு பெயர்கள் ஒரே மொழிக்குள் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இது தற்செயல் இல்லை என்று எப்படித் தெரியும்? தமிழ் வணிகர்கள் அந்தக் கடல் முழுக்கப் புழங்கியவர்கள். மலாயில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பல்', போட்ட முதலுக்கு 'மோடல்', கோயிலுக்கு 'குயில்'. கடை, கப்பல், முதல், கோயில் எல்லாம் போன இடத்துக்கு மாங்காய் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மலாயில் பூட்டுக்கும் 'மங்க்கா' என்று பெயர் உண்டு. ஜாவா மொழியில் 'மங்க்கா' என்றால் 'தயவுசெய்து', 'வாங்க, எடுத்துக்குங்க' என்று உபசரிக்கும் சொல். பேச்சில் 'மொங்கொ' என்பார்கள். இந்த உபசாரச் சொல்லுக்கும் நம் மாங்காய்க்கும் சம்பந்தம் இல்லை. ஒலி ஒன்றாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பானின் 'மங்கா' படக்கதைக்கும் மாங்காய்க்கும் தொடர்பு உண்டா?

துளியும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானியச் சொல் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. முதல் எழுத்து 'மன்': கட்டுப்பாடு இல்லாத, மனம் போன போக்கிலான என்று பொருள். இரண்டாவது 'க': படம். மனம்போல வரைந்த படம் என்று சொல்லலாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஹொகுசாய் என்ற பெரிய ஓவியர் மனிதர், விலங்கு, செடி, வேலை செய்யும் கைகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்த ஓவியத் தொகுதி 1814 முதல் வெளிவந்தது. அதன் பெயரிலேயே 'மங்கா' உண்டு. அதே இரண்டு எழுத்துகளைச் சீனர்கள் 'மன்ஹுவா' என்றும், கொரியர்கள் 'மன்ஹ்வா' என்றும் படிக்கிறார்கள். மூன்று நாட்டுப் படக்கதைகளுக்கும் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு.

ஜப்பானியர் மாம்பழத்தை என்ன சொல்கிறார்கள்? 'மங்கோ' என்று கடைசியை நீட்டி. அது ஐரோப்பிய மொழி வழியாக அவர்களுக்குப் போன நம் சொல். ஆக அவர்கள் மொழியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று சீன எழுத்தில் பிறந்தது, இன்னொன்று நம் தோட்டத்தில்.

ஸ்பானிஷில் 'மங்கா' என்றால் சட்டைக்கை என்று பார்த்தேன். சரியா?

சரி. லத்தீனில் கைக்கு 'மனுஸ்'. அதிலிருந்து சட்டைக்கைக்கு 'மனிகா', அது தேய்ந்து 'மங்கா'. பாத்திரத்தின் பிடியும் கத்தியின் பிடியும் ஸ்பானிஷில் 'மங்கோ'. மாம்பழமும் 'மங்கோ'. வாணலிப் பிடியும் மாம்பழமும் ஒரே உச்சரிப்பு, ஒரே எழுத்து, ஆனால் ஒன்று லத்தீன் கையிலிருந்து வந்தது, இன்னொன்று தென்னிந்திய மரத்திலிருந்து வந்தது. அர்ஜென்டினாவின் கொச்சைப் பேச்சில் 'மங்கோ' என்றால் காசு, பெசோ.

போர்த்துகீசில் இன்னும் சுவாரசியம். 'மங்கா' என்றால் சட்டைக்கையும் உண்டு, மாம்பழமும் உண்டு. 'மங்கேய்ரா' என்றால் மாமரம், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயும் அதே 'மங்கேய்ரா'. குழாய் என்ற பொருள் சட்டைக்கைப் பக்கத்திலிருந்து வந்தது, நீண்ட உறை போல இருப்பதால். மாமரத்தைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனதும் போர்த்துகீசியர்தான். ரியோ டி ஜெனிரோவில் 1928-இல் தொடங்கிய புகழ்பெற்ற சம்பா நடனக் குழு ஒன்றின் பெயரில் 'மங்கேய்ரா' இருக்கிறது. அந்தக் குழு பிறந்த பகுதியின் பெயர் அது, மாமரத்தால் வந்த பெயர். கார்னிவலில் லட்சக்கணக்கான பேர் அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிடும்போது அதற்குள் நம் 'மாங்காய்' இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாமரத்தின் அறிவியல் பெயரிலும் இது இருக்கிறதா?

இருக்கிறது. 'மங்கிஃபெரா இண்டிகா'. லின்னேயஸ் 1753-இல் வைத்தது. 'மங்கா' நம்முடையது, 'ஃபெரா' லத்தீனில் தாங்குவது, தருவது. மங்கா தரும் இந்திய மரம்.

நம் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் பேசுகிறோம். அவற்றில்?

கன்னடத்தில் மரம் 'மாவு', காய் 'மாவின காயி', பழம் 'மாவின ஹண்ணு'. தெலுங்கில் 'மாமிடி', 'மாமிடிகாய', 'மாமிடி பண்டு'. தமிழின் மா, கன்னடத்தின் மாவு, தெலுங்கின் மாமிடி எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று இன்னொன்றிலிருந்து கடன் வாங்கவில்லை. துளு மட்டும் தனி வழி: அங்கே மாங்காய்க்கு 'குக்கு'.

உருது பேசும் வீடுகளில் காய் 'கைரி', பழம் 'ஆம்'. இந்த ஆம், சமஸ்கிருத 'ஆம்ர'விலிருந்து வந்தது. மராத்தியின் 'ஆம்பா', சிங்களத்தின் 'அம்ப' எல்லாம் அதே குடும்பம். அதுவும் ஊர் சுற்றிய சொல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் மாம்பழம் 'எம்பே'. ஈராக்கில் மாங்காய் ஊறுகாய் போன்ற ஒரு தொடுகறிக்கு 'அம்பா' என்றே பெயர். பக்கத்தில் எகிப்துக்கு வந்தால் மாம்பழம் 'மங்கா'. உலக வரைபடத்தை விரித்து வைத்தால் இரண்டு இந்தியச் சொற்கள் இரண்டு திசையாகப் பிரிந்து போனது தெரியும்: கடலில் போர்த்துகீசியர் கொண்டுபோன இடமெல்லாம் மங்கா, அரபிக்கடலின் பழைய வணிக வழிகளில் அம்பா.

ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் ஒரே தெருவில் மாங்காய், மாமிடிகாய, மாவின காயி, கைரி நான்கும் கேட்கும். இதற்காக யாரும் நூலகம் போக வேண்டியதில்லை.

சீனாவில்?

'மாங்குவோ'. இதில் 'குவோ' என்றால் பழம், முன்னால் இருக்கும் 'மாங்' மட்டும் வெளியிலிருந்து வந்த ஒலி. மா என்ற ஒலிக்குப் பின்னால் காய் சேர்ந்தது நம்மிடம், பழம் சேர்ந்தது அவர்களிடம். தாய்லாந்தின் 'மமுவங்' பார்ப்பதற்கு நம் மா மாதிரி இருக்கும். ஆனால் முதலில் வரும் 'ம' அவர்கள் மொழியில் பல பழப் பெயர்களுக்கு முன்னால் வரும் ஒட்டு. அதை நம் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அமெரிக்காவில் சில ஊர்களில் குடைமிளகாயை 'மாங்கோ' என்பார்களாமே, உண்மையா?

உண்மை. ஒஹையோ முதலான மத்திய மேற்குப் பகுதியில் வயதானவர்கள் அப்படிச் சொல்வது உண்டு. காரணம் ஊறுகாய். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் மாங்காய் ஊறுகாயாகத்தான் போய்ச் சேர்ந்தது. அங்கே மரத்தைப் பார்த்தவர் குறைவு, ஊறுகாயைப் பார்த்தவர் நிறைய. அதனால் 'மாங்கோ' என்றாலே ஊறுகாய் என்று ஆனது. வெள்ளரி, முலாம்பழம், குடைமிளகாய் எதைக் குடைந்து மசாலா அடைத்து வினிகரில் போட்டாலும் அது 'மாங்கோ'. ஊறுகாய் போடுவதையே 'மாங்கோ செய்வது' என்று வினைச்சொல்லாக்கினார்கள். பிறகு ஊறுகாய் மறைந்தது, பெயர் மட்டும் குடைமிளகாயின் மேல் தங்கிவிட்டது. மாவடு பிசைந்த கை மணம் தெரிந்த யாருக்கும் இந்தக் கதை புரியும்.

பழைய லத்தீனிலும் 'மங்கோ' இருக்கிறதாமே? அப்படியென்றால் நம் சொல் ரோமுக்கே போயிருக்கிறதா?

இல்லை. இதை வைத்துச் சிலர் பெரிய கோட்டை கட்டுகிறார்கள், அது தவறு. லத்தீனின் 'மங்கோ' என்றால் அடிமை வியாபாரி. சரக்கை மினுக்கி, குறையை மறைத்து, கூடுதல் விலைக்குத் தள்ளுபவன். ஆங்கிலத்தில் மீன் விற்பவரைச் சொல்லும் 'ஃபிஷ்மாங்கர்' என்பதன் கடைசிப் பாதி அதிலிருந்து வந்ததுதான். மாமரத்துக்கும் அதற்கும் எந்த வழியும் இல்லை. ரோம் நாட்டுக்கு நம் மிளகு போனது உண்மை. அதற்காக எல்லாச் சொல்லும் போய்விடாது.

மாங்க்ரோவ், மங்குஸ்தான், மங்கூஸ்?

மூன்றுக்கும் மாங்காயோடு உறவு இல்லை. அலையாத்திக் காட்டைச் சொல்லும் மாங்க்ரோவ் கரீபியன் தீவுப் பக்கத்துச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துகீசில் அந்தக் காட்டுக்கு 'மங்கே' என்பார்கள், எழுத்தில் பார்த்தால் பிரெஞ்சில் மாம்பழத்தைச் சொல்லும் 'மாங்க்' மாதிரியே இருப்பதால் குழப்பம். மங்குஸ்தான் மலாய்ச் சொல். கீரியைச் சொல்லும் மங்கூஸ் மராத்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, கன்னடத்தின் 'முங்குசி', தெலுங்கின் 'முங்கிச' அதற்கு உறவு. அதாவது பழத்தோடு உறவில்லாவிட்டாலும் அதுவும் நம் பக்கத்துச் சொல்தான்.

பெங்களூரா, கிளிமூக்கு, தோத்தாபுரி: மூன்றும் ஒரே காயா?

ஒரே காய். நுனி கிளியின் மூக்கு மாதிரி வளைந்திருக்கும். இந்தியில் 'தோத்தா' என்றால் கிளி, நாம் கிளிமூக்கு என்கிறோம், ஆளுக்கு ஆள் அதே உவமையைத்தான் பிடித்திருக்கிறார்கள். மாங்கூழ் ஆலைக்கு அதிகம் போவது இதுவும் அல்போன்சாவும். சித்தூர்ப் பக்கம் போனால் இதே காய்க்கு 'கலெக்டர்' என்று பெயர். அல்போன்சா என்பது 1510-இல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசிய ஆளுநர் அஃபோன்சோ தெ அல்புகர்க்கியின் பெயரால் வந்தது என்பார்கள். மராத்தியர் அதை 'ஹாபூஸ்' ஆக்கினார்கள். பங்கனப்பள்ளி ஆந்திரத்தின் ஒரு ஊர்ப் பெயர். நம்மிடமிருந்து பழத்தின் பெயரை எடுத்துப் போனவர்களின் பெயர் நம் பழத்துக்கே வந்து ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள்.

பட்டுச்சேலையின் மாங்காய் புட்டா?

நாம் மாங்காய் என்கிறோம், இந்தியில் 'கைரி', அதுவும் மாங்காய்தான். பாரசீகத்தில் 'போத்தே', அதாவது செடி. ஆங்கிலத்தில் 'பெய்ஸ்லி', அது காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்த ஸ்காட்லாந்து ஊரின் பெயர். இங்கே சொல் பயணம் போகவில்லை, உருவம் மட்டும் போயிருக்கிறது. போன இடத்தில் அவரவர் கண்ணுக்குப் பட்டதைப் பெயராக வைத்தார்கள்.

தமிழில் 'மா' என்ற சொல் எவ்வளவு பழையது?

சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் 'தேமா' வருகிறது. குறுந்தொகையின் 8-ஆம் பாட்டில் வயலோரத்து மாமரத்திலிருந்து விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும். பள்ளியில் 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' என்று வாய்ப்பாடு சொன்னது நினைவிருக்கும். இனிப்பு மா ஒன்று, புளிப்பு மா ஒன்று. யாப்புக்கே மாமரத்தை அளவுகோலாக்கிய மொழி இது.

மரம் மட்டுமில்லை. மா என்றால் விலங்கு, குறிப்பாகக் குதிரை, யானை. மா என்றால் பெரிய. இருபதில் ஒரு பங்கும் மா. இவை எல்லாம் ஒரே வேரா என்று பிடித்து இழுக்க வேண்டாம். ஒரே எழுத்தில் பல சொற்கள் வந்து தங்குவது, ஸ்பானிஷில் பிடியும் பழமும் தங்கியது போல, எந்த மொழிக்கும் இயல்பு.

ஒரு சொல் உறவா இல்லையா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

முதலில் வழியைப் பாருங்கள்: அந்தப் பொருளும் ஆட்களும் அங்கே போன வரலாறு இருக்கிறதா. அப்புறம் காலம்: அந்த மொழியில் அந்தச் சொல் எப்போது எழுத்தில் வருகிறது. லத்தீனின் 'மங்கோ' இங்கேயே விழுந்துவிடும், போர்த்துகீசியர் வருவதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் முன்பே அது வேறு பொருளில் இருக்கிறது. கடைசியாக, அந்த மொழிக்குள்ளேயே அதற்கு விளக்கம் இருக்கிறதா. ஜப்பானின் மங்காவை இரண்டு எழுத்தாகப் பிரித்தால் இரண்டுக்கும் அங்கேயே பொருள் இருக்கிறது. மலாயின் மெம்பெலத்தைப் பிரித்தால் அங்கே ஒன்றும் கிடைக்காது, தமிழுக்கு வந்தால்தான் மாவும் பழமும் கிடைக்கும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு எதிலிருந்து தொடங்கலாம்?

அவர்கள் படிக்கும் மங்காவிலிருந்து தொடங்குங்கள், அது நம்முடையது இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மெம்பெலத்தைச் சொன்னால் நம்புவார்கள். பலகையில் மாங்காய், மாம்பழம் என்று எழுதி, எதிரே மங்க்கா, மெம்பெலம் என்று எழுதுங்கள். தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவரவர் வீட்டுப் பெயரைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மணி அடிப்பதற்குள் பலகை நிறைந்துவிடும்.